ஏ மைனர், கீழே ஜி

கிட்டார் கற்றுக்கொள்ள வயது ஒரு தடையில்லை என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். நான் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இசைக்கருவிக் கடை, அதன் மாடியில் வகுப்பு. ஆஸ்பத்திரியில் என் ஷிஃப்ட் முடிந்ததும் வாரத்தில் இரண்டு நாள் மதியம் போவேன். ஆசிரியர் பொறுமைசாலி. எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஸ்வரக்கூட்டு, போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஏ மைனர் ஸ்லாஷ் ஜி. ஏ மைனர் எல்லோரும் முதல் வாரத்திலேயே பழகுவது, மூன்று விரல் போதும். அதை விடாமல் பிடித்துக்கொண்டு, தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தைச் சுண்டுவிரலால் அழுத்தினால் அடியில் ஜி சேர்ந்துகொள்ளும். எழுதும்போது நடுவில் ஒரு சாய்கோடு போடுவார்கள். அதுதான் ஸ்லாஷ். ஏற்கெனவே சோகமாக நிற்கும் ஒருவர் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது போல ஒலிக்கும்.

நீங்கள் கேட்டது என் தம்பியின் கையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கு முன்பே இல்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது இவன் பள்ளிக்கூடம் முடியட்டும் என்றேன். பிறகு கல்லூரி முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வரிசைக்காகச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு பயணிகள் கப்பலின் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்க அவனுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம்.

"ரெண்டே வருஷம்தான்க்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றான்.

மூன்று வாரம் கழித்து அவன் பைக் சறுக்கி ஒரு கடைக் கண்ணாடியில் விழுந்தது. இடது முன்கையில் கண்ணாடி இறங்கி நரம்பை அறுத்துவிட்டது. அந்த விபத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நரம்பைத் தைத்தார்கள். சுண்டுவிரல் முழுதாகவும் மோதிரவிரல் பாதியும் பேச்சுக் கேட்கவில்லை. தைத்த நரம்பு மாதத்துக்கு ஒரு அங்குலம் வளரும். விரல்வரை வந்து சேர எட்டு, பத்து மாதம் ஆகும். அதுவரை மூட்டுகள் இறுகாமல் தினமும் நீட்டி மடக்கிவிட வேண்டும், விரல்கள் கோணாமல் ஸ்பிளிண்ட் கட்டிவைக்க வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாகக் கைகளைத்தான் பார்த்துவருகிறேன். அவனை இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கப்பல்காரர்களும் பத்து மாதம் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

முதல் நான்கு மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. அவன் வாய் ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். "சுண்டுவிரல் லீவு லெட்டர் குடுக்காமப் போயிருக்குக்கா, வந்தா நல்லா திட்டு" என்பான். இருவரும் சிரிப்போம். அவன் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களுக்குப் பிறகு, அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கிட்டாரை எடுத்தான். நடுவிரலைப் படுக்கவைத்து இரண்டு கம்பிகளை ஒன்றாக அழுத்தி, ஆள்காட்டிவிரலைச் சேர்த்து, ஏ மைனரைப் பிடித்துவிட்டான்.

"இனி சுண்டுவிரல் மட்டும்தான்க்கா பாக்கி. நான் போட்ட பாட்டு எல்லாத்திலயும் இந்த ஸ்லாஷ் ஜி வரும். அது வந்துட்டா அடுத்த நாளே நான் கப்பல்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அந்த வாரம்தான் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வேலையைக் கை எப்படிச் செய்கிறது என்று தெரியாமல் அந்தக் கையைத் தொடக் கூடாது என்பது என் தொழிலில் பாலபாடம். எந்த மூட்டு எவ்வளவு மடங்க வேண்டும், எவ்வளவு விரிய வேண்டும் என்று என் விரலிலேயே பார்த்துக்கொண்டேன். சுண்டுவிரல் நன்றாக விரிந்து, நடுமூட்டு நிமிர்ந்தும் மடங்கியும் பழகியிருந்தால்தான் எட்டும். இல்லையென்றால் இல்லை.

அதன் பிறகு ஸ்பிளிண்டை மாற்றினேன். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகடு அது, நாம் வைக்கிற வடிவத்தில் ஆறி இறுகிவிடும். விரலின் அடிமூட்டு மடங்கியும் நடுமூட்டு நிமிர்ந்தும் இருக்க வேண்டும். நான் இரண்டையும் மாற்றி வைத்தேன். பயிற்சியை நிறுத்தினேன்.

"நரம்பு வளர்ற நேரம், அசைச்சா அறுந்துடும். கட்டைக் கழட்டவே கூடாது" என்றேன்.

"நீ சொன்னா சரிக்கா" என்றான்.

வகுப்பில் எனக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை, சிறிய கை. ஆசிரியர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"ஏம்மா கஷ்டப்படுறீங்க? கட்டைவிரலை மேல இருந்து வளைச்சு அந்தக் கம்பியை அழுத்துங்க. சுண்டுவிரலே தேவையில்ல. நிறையப் பேர் அப்படித்தான் வாசிக்கிறாங்க."

அப்படிப் பிடித்ததும் முதல் தடவையே சுத்தமாக வந்தது. அவருக்கு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் இன்னும் ஒரு தகடு வாங்கினேன். அன்று மாலை செய்த ஸ்பிளிண்டில் கட்டைவிரலையும் உள்ளங்கையோடு ஒட்டிச் சேர்த்துக்கொண்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் பதிவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் அவனுக்கு வேலை வாங்கித் தந்தேன். அதற்கு வலது கை போதும். ஒரே பஸ்ஸில் போனோம், வகுப்பு இல்லாத நாட்களில் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவன் பேசுவது குறைந்தது உண்மைதான். தூங்குவதும் குறைந்தது. ஆனால் வீட்டில் இருந்தான்.

எனக்கு லீவான ஒரு நாள் மதியம் அவன் சீக்கிரம் வந்துவிட்டான். நான் அவனுடைய கிட்டாரில் பழகிக்கொண்டிருந்தேன். ஸ்பிளிண்ட் வேலை முடிந்த பிறகும் வகுப்பை நான் நிறுத்தவில்லை, சுண்டுவிரலால் பிடிப்பதையும் எப்படியாவது கற்றுவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.

"எனக்காகவாக்கா கத்துக்கிட்ட?"

"உனக்காகத்தான்."

அவன் அழுதான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையால் என் சுண்டுவிரலைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தான். "இப்படிச் சாய்ச்சு வை. அஞ்சாவது கம்பி தானா அடங்கிடும்." நான் வாசித்தேன். சுத்தமாக வந்தது. "அவ்வளவுதான்க்கா" என்றான். கிட்டாரை இனி நீயே வைத்துக்கொள் என்றும் சொன்னான்.

பத்தாவது மாதம் கப்பல்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டதாக எழுதினார்கள். அதற்கப்புறம் அவனுடன் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர், எனக்குத் தெரியாமல், அவனை வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே சோதித்த அறுவைசிகிச்சை டாக்டர் நரம்பு முழுதாக வந்துசேர்ந்துவிட்டது என்றார். மூட்டுகள்தான் அசையவில்லை, கட்டைவிரலும் விரியவில்லை. யார் இந்த ஸ்பிளிண்ட் செய்தது என்று கேட்டாராம். எங்க அக்காதான், அவங்க இதுல பெரிய கை என்று இவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். டாக்டர் அவனை உட்காரவைத்து, எதை எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். புகார் கொடுத்தது அவர்தான். தம்பி கொடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சுண்டுவிரல் சரி. அடிபட்டது அதுதான். கட்டைவிரல் நல்லாத்தானே இருந்துச்சு? அதை ஏன்க்கா?"

முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசலாம் என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். துணிகளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரிக்க வந்த உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. தவறிச் செய்தது அல்ல. எந்த மூட்டு எத்தனை வாரத்தில் இறுகும் என்று எனக்குத் தெரியும், நாள் குறித்துக்கொண்டுதான் கட்டினேன். அவன் சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் நான்தான் கெடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைத் திறந்து மூட்டுகளை விடுவித்துப் பார்க்கலாம், ஓரளவு மடங்கினாலும் மடங்கும் என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அப்படிச் செய்தால் பிறகு ஆறு மாதம் தினமும் யாராவது அந்த விரல்களைப் பிடித்து நீட்டிவிட வேண்டும். அதற்கு என்னை அனுப்பிவையுங்கள். வேறு யாராவது செய்தால் அவனுக்கு வலிக்கும்.