இருபது மாதிரி மனுக்களும் ஓர் அரிவாளும்

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் காவல் நிலையம். 21.08.2025 மாலை 4 மணிக்கு விசாரணையில் பதிவு செய்தது.

என் பெயர் ராஜராஜேஸ்வரி. வயது 43. கணவர் பெயர் கைலாஷ். சங்கரன்கோவிலில் ரயில் நிலையம் போகும் சாலையில் குடியிருந்துகொண்டு, வீட்டு மாடியில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்தி வருகிறேன். வேலை பார்க்கும் இடத்தில் ஏஐயை ஒழுங்காக, நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஆறு வாரம் பாடம் எடுக்கிறேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பனவடலிசத்திரம் பொன்செல்வி, வயது 21, என்னிடம் படித்தவள். தாலுகா அலுவலகம் அருகே சுந்தரராஜ் என்பவரின் மனு எழுதும் கடையில் ஒரு மாதமாக வேலை பார்க்கிறாள். இன்று காலை 11 மணிக்கு எனக்குப் போன் செய்து, "மிஸ், நான் அடிச்ச மனுவால ஒருத்தரப் பிடிச்சு வச்சிருக்காவ" என்றாள். உடனே வகுப்பை விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடந்த 18ஆம் தேதி மேலநீலிதநல்லூர் இசக்கியம்மாள் அந்தக் கடைக்கு வந்து, தன் கொழுந்தன் பெத்துராஜ் வயல் வரப்பை வெட்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். மேற்படி பொன்செல்வி அதை ஏஐயிடம் கொடுத்து மனு வாங்கி, பெயர், தேதி, சர்வே எண் சரிபார்த்து அச்செடுத்திருக்கிறாள். இசக்கியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. கைரேகை வைத்து இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார். அந்த மனுவில், பெத்துராஜ் அரிவாளைக் காட்டிக் கொன்றுவிடுவதாக மிரட்டினார் என்று இருந்திருக்கிறது. அதன்பேரில் இன்று காலை அவரை அழைத்து வந்துவிட்டார்கள். அதன்பிறகு இசக்கியம்மாள் கடைக்கு ஓடி வந்து, "எங் கொழுந்தன் அருவாளத் தொடவே இல்ல தாயி, கையில மம்பட்டிதான் இருந்துச்சு" என்றிருக்கிறார். சுந்தரராஜ், "மனு பலமாத்தான இருக்கு, பேசாம இரு. வெளிய சொன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்று பொன்செல்வியிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதன்பிறகுதான் எனக்குப் போன் செய்திருக்கிறாள்.

அவள் ஏஐயிடம் கொடுத்த விவரத்தைப் பார்த்தேன். அரிவாள் இல்லை. மெஷினைத் திட்ட வாயெடுத்தேன். அப்போது, அதனிடம் மாதிரிக்காகக் கொடுத்த பைலைக் காட்டினாள். அது நான் வகுப்பில் கொடுத்த இருபது பழைய வரப்புத் தகராறு மனுக்கள். அதில் ஊர், பெயர் எல்லாம் மறைத்ததைப் பற்றி நானே இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன். உட்கார்ந்து எண்ணினோம். பதினான்கு மனுக்களில் அரிவாள் இருந்தது. வரப்புத் தகராறு என்றால் அரிவாள் கட்டாயம் என்று நான்தான் அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பொன்செல்வி, "பைல் உங்களுதுதான் மிஸ். ஆனா அந்தம்மாகிட்ட ஒரு தடவ வாசிச்சுக் காட்டாம விட்டது நாந்தான். வேலை போனாப் போவுது, வாங்க ஸ்டேஷனுக்கு" என்றாள். வாசித்துக் காட்டச் சொல்லி நான் பாடம் எடுத்ததே இல்லை.

அதன்பிறகு இசக்கியம்மாளையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஆட்டோவில் வந்து, சார்பு ஆய்வாளர் இசக்கித்துரையிடம் நடந்ததைச் சொன்னோம். அவர், "அருவா இல்லன்னா இது சர்வேயர் பாக்க வேண்டிய சோலி" என்று சொல்லி, இசக்கியம்மாளிடம் வேறு மனு வாங்கிக்கொண்டு, பெத்துராஜை அனுப்பிவிட்டார். கொழுந்தனும் மதினியும் எதிர்க் கடையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு டீ குடித்ததை நான் பார்த்தேன். விசாரணைக்கு அழைத்ததன்பேரில் சுந்தரராஜும் வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. போகும்போது மட்டும் பொன்செல்வியிடம், "நாளைக்கு வா. இனிமே வாசிச்சுக் காட்டாம ஒரு மனுவும் வெளிய போவக்கூடாது" என்றார். எனக்கு மனது நிறைந்துவிட்டது. அந்தப் பைலை அழித்துவிட்டேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதிய ஏட்டு முகம்மது யூசுப் எனக்கு வாசித்துக் காட்டினார். "பொன்செல்வி அழுதுகொண்டே போன் செய்தார்" என்று ஓரிடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "பொம்பளப் பிள்ளன்னா அப்படித்தாம்மா எழுதுவோம், பழக்கத்துல வந்துட்டு" என்று சொல்லி அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டார். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொன்செல்வி அழவில்லை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ராஜராஜேஸ்வரி