தட்டினால் விட வேண்டும்

ஜூடோ உடையைத் துவைப்பதுபோல் அலுப்பான வேலை வேறில்லை. தண்ணீர் குடித்ததும் அது ஓர் ஆள் கனத்துக்கு வந்துவிடும். பிழிய இரண்டு பேர் வேண்டும். நானும் சங்கமித்ராவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்குவோம். முறுக்குவதில் எங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

அது தொண்ணூற்றெட்டு. அதுவரை எங்கள் பெண்கள் கல்லூரியில் விளையாட்டு என்றால் த்ரோபாலும் கேரமும்தான். திடீரென்று ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஜூடோ முளைத்தது. சேருகிறவர்களுக்குத் தினமும் காலையில் இரண்டு அவித்த முட்டை என்றும் எழுதியிருந்தது. ஜூடோ ஜப்பான் நாட்டுக் கலை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முட்டை முதலிலேயே தெரிந்துவிட்டது.

எனக்கு மர்பி டவுன். நடந்தே கல்லூரிக்கு வந்துவிடலாம். சங்கமித்ரா தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் வருவாள். அவள் அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலையில் இருந்தார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று அங்கே தினமும் பேச்சு. மூடினால் கம்பெனி குவார்ட்டர்ஸும் போய்விடும். இதையெல்லாம் அவள் முட்டையை உரித்துக்கொண்டே சிரித்தபடி சொல்வாள். வலித்தால்கூட அவள் சிரிப்பாள். அப்படி ஒரு முகம்.

சொல்லிக்கொடுத்தவர் மைக்கேல்ராஜ் சார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் முழுவதும் விழக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவது வாரம் தட்டக் கற்றுக்கொடுத்தார். எதிராளி கையைப் பூட்டி வளைக்கும்போது தாங்க முடியாவிட்டால், பாயிலோ அவள் உடம்பிலோ இரண்டு தட்டு தட்ட வேண்டும். உடனே அவள் விட்டுவிட வேண்டும். போட்டியில் தட்டியவள் தோற்றவள்.

"தட்டுறவளுக்கு வெக்கம் கூடாது, விடுறவளுக்கு லேட் கூடாது. அவ்ளோதாம்மா ஜூடோ. மிச்சமெல்லாம் துணி துவைக்கிற வேலை," என்றார்.

சங்கமித்ரா இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் முழங்கை கொஞ்சம் பின்னுக்கு வளையும் வகை. பூட்டு விழுந்த உடனேயே 'டப் டப்' என்று தட்டிவிடுவாள். புத்திசாலித்தனமான பழக்கம் என்று இன்றும் சொல்வேன். அன்று வேறு மாதிரி சொன்னேன்.

"ஏய் போஸ்ட் ஆபீஸ், அதுக்குள்ள முத்திரை குத்திட்டியா? தபால் இன்னும் வரவே இல்லடி."

எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

"இன்னா பண்றது பிரபா, எங்க ஊர்ல கை ஒடிஞ்சா ரயில் ஏற முடியாது. கம்பிய எத்தால பிடிக்கிறது?"

அதன்பிறகு அவள் உள்ளே நுழையும்போதே கூடப் பயிற்சி எடுத்த ருக்மிணியும் மற்றவர்களும் "போஸ்ட் ஆபீஸ் தொறந்தாச்சு" என்பார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நல்ல கேலி அப்படித்தான். ஆரம்பித்து வைத்தால் போதும், அது தானே நடந்து போகும்.

மூன்று வாரத்தில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அவள் தட்டத் தாமதிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு மூச்சு. பிறகு இரண்டு. எந்த இடத்தில் அவள் சிரிப்பு நிற்கிறது, எந்த இடத்தில் கை நடுங்குகிறது என்பது என் கைகளுக்கு மனப்பாடமாயிற்று. பாடப் புத்தகத்தை நான் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

இருவரும் நாற்பத்தெட்டுக் கிலோவுக்குள். பல்கலைக்கழக அணியில் அந்த எடைக்கு ஒரே இடம். அந்த அணியில் ஆடினால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். சங்கமித்ரா அதை வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அம்மா அடுத்த நாளே எங்கள் எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தனுப்பினார். நானும் இரண்டு தின்றேன். நன்றாகவே இருந்தது.

எனக்கு அந்த இடம் தேவையாக இருக்கவில்லை. அப்பாவுக்கு நிரந்தர வேலை, வீடு சொந்தம். எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுவரை நான் எதிலும் முதலாக வந்ததில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்தான் ஒன்று கிடைக்க வேண்டும் என்றால், பிடித்திருக்கிறவர்கள் என்ன செய்வது? நியாயமான கேள்விதான் என்று நினைக்கிறேன்.

அந்த இடத்துக்கு எங்கள் இருவருக்கும் நடுவே தேர்வுப் போட்டி, ஒரு சனிக்கிழமை காலை. நடுவரும் சார்தான். சங்கமித்ரா என்னை அழகாகத் தூக்கிப் போட்டு அரைப் புள்ளி எடுத்தாள். அரை நிமிடம் மிச்சமிருந்தது. கீழே உருண்டபோது அவள் வலது கை எனக்குக் கிடைத்தது. கையைக் கால்களுக்கு நடுவே பூட்டிக்கொண்டு மல்லாந்து சரிந்தேன். அவளுடைய இடது கை சாருக்கு மறுபக்கம் விழுந்தது. தற்செயல் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போஸ்ட் ஆபீஸ் லீவா இன்னிக்கு?" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் சிரித்தாள். தட்டவில்லை. நான் இழுத்தேன். சிரிப்பு நின்றது. சுற்றிலும் ஒரே கூச்சல். பிறகு அவரைக்காய் ஒடிப்பதுபோல ஒரு சின்னச் சத்தம்.

சார் ஓடிவந்து என்னைப் பிரித்தார். "ஏம்மா, ஏம்மா தட்டல? எத்தனை வாட்டி சொன்னேன்?"

சங்கமித்ரா வெளுத்துப்போன முகத்தோடு என்னைப் பார்த்தாள். "நான் தட்னேன்தான பிரபா?"

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நெற்றி வியர்வையைத் துடைத்தேன். "இல்லடி கண்ணு. தட்டணும்னு நெனச்சிருப்ப. தட்டல," என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். "ஆமா சார்," என்றாள். "என் தப்புதான்."

சங்கமித்ரா மூன்று முறை தட்டினாள். சிவாஜி நகர் தையற்காரர் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த உடை அது. நீளமான சட்டைக்கை அவள் விரல்களை மூடியிருந்ததால் சத்தம் வரவில்லை. ஆனால் தட்டு என் காலில்தான் விழுந்தது. முதல் தட்டு, இரண்டாவது தட்டு. விட வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதையும் எண்ணினேன். எண்ணிவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

எலும்பு கூடிவிட்டது. முழங்கை மட்டும் முழுதாக நீளாது. நான் பல்கலைக்கழகத்துக்கு ஆடினேன். முதல் சுற்றிலேயே தோற்றேன். ரயில்வே வேலை எனக்குக் கிடைத்தது. நான் ஆசைப்படவில்லை, விண்ணப்பம் மட்டும் போட்டேன். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது அவள் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பார்க்கிறாள். அதே விடியற்காலை ரயில். கம்பியை இடது கையால் பிடித்துக்கொள்கிறாளாம். கூட வரும் சின்னப் பெண்களுக்குச் சொல்வாளாம்: "வலிக்கசொல்ல வலிக்குதுன்னு சொல்லிடணும்டி. நான் ரோஷத்துல தட்டாம கெட்டேன்."

மாத பாஸுக்கு என் கவுன்ட்டருக்குத்தான் வருவாள். வேறு கவுன்ட்டர் காலியாக இருந்தாலும் என் வரிசையில்தான் நிற்பாள். நான் முத்திரை குத்துவதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"இப்ப யாருடி போஸ்ட் ஆபீஸு?"

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், வளைந்த கையைத் தூக்கிக் கண்ணாடியில் 'டப் டப்' என்று தட்டுவாள். கையில் எந்த வேலை இருந்தாலும் உடனே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அவள் தட்டி நான் ஒருநாளும் அவளைக் காக்க வைத்ததில்லை.