வில்லிக்குக் கிடைக்காத பித்தளைக் கல்

முதியோர் இல்லத்துக்கு நான் ஒருநாளும் வெறுங்கையோடு போனதில்லை. அம்மா சுட்ட இறைச்சி ரோல்ஸ் என்றால் அங்கே இருந்த எர்னாவுக்கு உயிர். தொண்ணூறு தாண்டிய வயதிலும் இரண்டு மூன்று சாப்பிடுவார். எனக்கு அவரைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் ஆய்வுக்கு ஒரு நாயகி தேவைப்பட்டாள். ஹெர்மீனே குல்ட்ஸ். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒரு சலவைக்காரியின் மகள், கம்யூனிஸ்ட். ஹிட்லர் வரும்வரை தொழிற்சாலை வாசல்களில் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுத்தவள், பிறகு சிறையில் செத்தவள். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவரின் மகளான எனக்கு அவளைப் பிடித்துப்போனதில் அதிசயமில்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களின் பிள்ளைகளுக்கு நடுவே நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு பிரசுரத்துக்கு ஒரு துரோகி போதும், சனத்தைக் குழப்பக்கூடாது என்பாளாம் ஹெர்மீனே.

எர்னாதான் குழப்பினார், என் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே. அடி தாங்காமல் தோழர்கள் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது ஹெர்மீனேயாம். அங்கே பிடிபட்டுச் செத்தவன் எர்னாவின் அண்ணன் வில்லி. நாஜிகளால் இறந்தவர்களுக்கு வீட்டு வாசலில் பதிக்கும் பித்தளைக் கல் அவனுக்கும் வேண்டும், அதைப் பார்த்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்றார்.

"உண்மையை எழுதுவாய்தானே, பிள்ளை?"

தலையாட்டினேன். எழுதவும் எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன்: காட்டிக்கொடுத்தவன் வில்லி. கல் பதிக்கும் குழு, பாவம், என்னைத்தான் நிபுணர் என்று கூப்பிட்டுக் கேட்டது. ஹெர்மீனேவுக்குக் கல் வந்தது. பூ வைத்தது நான்.

"துஷானி, அந்த மனுசி திரும்பவும் போன் எடுத்தது," என்றார் அம்மா. "கல்லு எப்ப வருமாம்?"

"எனக்கு வேலை கிடக்கு."

"பட்டம் எடுத்த வாயாலை ஒரு பதில் சொல்ல ஏலாதோ?"

வில்லிக்குக் கல் இல்லை என்ற பதிலைக் குழுவிலிருந்து யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு எர்னா சாப்பாட்டை நிறுத்தினார். நான் கொண்டுபோன ரோல்ஸையும் தொடவில்லை. அதுதான் கொஞ்சம் மனவருத்தம். அந்த மாதமே போய்விட்டார்.

அவர் பேசிய ஒலிநாடாவை நான் ஏன் அழிக்கவில்லை என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் தயிர் டப்பாவைக்கூடக் கழுவி வைப்போம். எதையும் எறிந்து பழக்கமில்லை.

பொய் சொன்னேன் என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். ஏழை வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயரைக் காப்பாற்றினேன் என்று எழுதுங்கள்.

எர்னாவும் ஆயுள் முழுக்கச் சலவைக்கடையில் நின்றவர்தான். அது என் ஆய்வுப் பரப்புக்குள் வராது.