மஃப்ளர் போட்ட குஞ்சுகள்

கால்நடை டாக்டர் அவர்களுக்கு,

என் கையெழுத்து குண்டு குண்டாக, படிக்கச் சுலபமாக இருக்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடம் சான்றிதழ் எழுதிய கை. அதனால் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கோழிப் படிவத்தை நிரப்புவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஏழாவது கேள்விக்குத்தான் இரண்டு வரி இடம் போதவில்லை. ‘உங்கள் கோழிகள் பக்கத்து வீட்டுக் கோழிகளோடு கலந்தது உண்டா?’ உண்டு. மீதியைப் பின்பக்கம் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவள் என் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை. நடுவில் கம்பிவலை, அதில் ஒரு சின்னக் கதவு. இந்தப் பக்கம் என் மொட்டைக்கழுத்துக் கோழிகள். கழுத்தில் பேருக்குக்கூட ஒரு இறகு கிடையாது. வெயிலுக்கு அசராது, முட்டைக்குக் குறைவைக்காது. ஆறு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இனம். அந்தப் பக்கம் அவளுடைய ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும். சேவலுக்குக் கழுத்து நிறையத் தங்க நிற இறகு. ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவள் உள்ளங்கையில் வைத்தால்தான் தின்பான். என் கொழுந்தனாருக்குச் சோறு போட அவள் மறந்த நாள் உண்டு, மாப்பிள்ளைக்கு மறந்ததில்லை.

ஓரகத்தி நல்லவள். வாய்தான் கொஞ்சம் நீளம். விருந்தாளி யார் வந்தாலும் கொல்லைக்கு அழைத்துவந்து, “எங்க அக்கா பாதி உரிச்சிட்டு மீதிய மறந்துட்டாங்க” என்பாள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. மொத்தம் நாற்பத்தொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

நான் செய்ததற்குக் காரணம் வேறு. அவள் கோழிகள் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த தலைமுறையாவது காற்றாட இருக்கட்டும் என்று நினைத்தேன். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியதும் வலைக்கதவைத் திறப்பேன். மாப்பிள்ளைமேல் ஒரு கூடையைக் கவிழ்ப்பேன். என் சேவலை உள்ளே விடுவேன். அவனுக்கு எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிடுவேன். பல நாள் இப்படிக் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது.

அவள் அடைவைத்த பதினொரு முட்டையில் ஒன்பது மொட்டைக்கழுத்தாகப் பொரிந்தன. முன்கழுத்தில் மட்டும், டை கட்டியதுபோல ஒரு சின்ன இறகுக் கொத்து. முதல் கலப்பில் அப்படித்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

“அக்கா, உங்க வீட்டு நோய் எங்க வீட்டுக்கும் ஒட்டிக்கிச்சு” என்று அழுதுகொண்டு வந்தாள்.

என் ஆறு வருட உழைப்பை நோய் என்றாள். அந்த நாற்பத்தொன்றில் இதைச் சேர்க்கவில்லை.

குளிர் தாங்காதே என்று ஒன்பது குஞ்சுக்கும் கம்பளி நூலில் மஃப்ளர் பின்னிப் போட்டாள். அவை ஒன்றின் மஃப்ளரை ஒன்று கொத்தி இழுத்துக்கொண்டு கொல்லை முழுக்க ஓடின. கொழுந்தனார் கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

“அண்ணி, இது மனுஷனுக்கும் வருமா?”

“வந்தா தலையிலதான் ஆரம்பிக்கும்னு சொல்றாங்க” என்றேன். அவருக்கு ஏற்கனவே பாதித் தலை வழுக்கை. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓரகத்தி வலைக்கதவுக்குப் பூட்டுப் போட்டாள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள். சேவலை விலக்கினாலும் பெட்டையிடம் அதன் வித்து இரண்டு வாரம்வரை தங்கும். பூட்டுப் போட்ட வாரம் இட்ட முட்டைகளிலும் மொட்டைக்கழுத்தே வந்தது. நோய் மாப்பிள்ளையின் ரத்தத்திலேயே ஊறிவிட்டது என்று அவளாகவே முடிவுகட்டினாள். நான் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“யாருக்காவது குடுத்துடவா அக்கா?”

“உன் இஷ்டம்மா.”

அவனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “என்ன ஆனாலும் சரி, இவன் என்கூடவே இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு அது சிக்கலாகிவிட்டது. அவன் இருக்கும்வரை அடுத்து அடைவைக்கும் குஞ்சுகளுக்குக் கழுத்தில் மறுபடியும் இறகு முளைக்கும். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பூட்டின் இன்னொரு சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள்தான் கொடுத்துவைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். “இது நோய் இல்லம்மா, அருமையான இனம்” என்றீர்கள். மஃப்ளர் போட்ட குஞ்சோடு அவளைப் படம் பிடித்து, ‘சிறந்த வீட்டுக்கோழி வளர்ப்பாளர்’ என்று எழுதி உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டிவிட்டீர்கள். நான் வந்து பார்த்தேன். நான்கு தடவை பார்த்தேன். இப்போது விருந்தாளிகளிடம், “இது நானே உருவாக்கின இனம்” என்கிறாள்.

எனக்குப் புகழ் வேண்டாம். ஆனால் தகப்பன் பெயர் தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது. இருபது வருடம் நான் திருத்தியதெல்லாம் அதைத்தான். குஞ்சின் தகப்பன் என் சேவல். தயவுசெய்து படத்துக்குக் கீழே என் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஓரகத்தியின் பெயரை அடிக்க வேண்டாம், சின்ன எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

எட்டாவது கேள்வி, காணாமல்போன கோழிகளைப் பற்றி. அதற்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை சனிக்கிழமை காலையில் காணாமல் போனான். ஓரகத்தி தெருத்தெருவாகத் தேடினாள். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே கறி சமைத்து எடுத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சிக் கூத்தாடிச் சாப்பிடவைத்தேன். அழுதுகொண்டே இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். “உங்க கைப்பக்குவமே தனிக்கா” என்றாள். முற்றின சேவல்தான், ஆனால் பொறுமையாக வேகவைத்திருந்தேன்.

எனக்கு அவள்மேல் பொறாமை என்று நாளைக்கு யாராவது உங்களிடம் சொல்லலாம். பொறாமை பிடித்தவள் அவளைப் பட்டினி கிடக்க விட்டிருக்க மாட்டாளா, நீங்களே சொல்லுங்கள்.