பாதி அகலக் கோடு

கம்ப்யூட்டர் அறையில் ஏசி நன்றாக இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண்ணுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

என் அக்காவின் கணவர் அங்கே இன்ஜினியர். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். நான் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான்.

அந்தத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு செய்கிறார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஃபைலில் செம்புக் கோடுகளும் துளைகளும் வரைந்திருக்கும். அதை அப்படியே போர்டாக்க முடியாது. அமிலத்தில் முக்கும்போது கோடு ஓரத்தில் கரையும், ஆகவே முன்னாலேயே அகலமாக்க வேண்டும். துளைக்குள் செம்பு பூசினால் துளை சுருங்கும், அதைப் பெரிதாக்க வேண்டும். மாமா இதை ஒவ்வொன்றாகக் கையால் செய்துகொண்டிருந்தார். ஒரு ஃபைலுக்கு ஒரு நாள் ஆகும். மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதிப் பழகி, கம்ப்யூட்டரே அதைச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபைலைக் கொடுத்தால் நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் திருத்திவிடும்.

மாமா அதைத் தான் எழுதியதாக முதலாளியிடம் காட்டினார். அதற்காகக் கோபம் வந்தது என்று வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். எதைத் திருடினோம் என்று தெரிந்த திருடனைக்கூட ஓரளவு மதிக்கலாம். அவர் அதில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

"என்ன எட்டாங்கிளாஸ், ஸ்கிரிப்ட் ஓடுதா, இல்ல அதுவும் உன்னை மாதிரி பாதியில நின்னுடுச்சா?" என்பார்.

"அது எப்படி சார் நிக்கும்? நீங்க எழுதினதாச்சே" என்பார் டெஸ்டிங் பிரிவில் இருக்கும் அண்ணன். அண்ணனுக்கு விஷயம் தெரியும். மாமாவுக்குக் கிண்டல்கூடப் புரியாது. காலரை இழுத்துவிட்டுக்கொள்வார்.

போர்டு முடிந்ததும் டெஸ்டிங்கில் மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். எதோடு ஒப்பிடுவார்கள் தெரியுமா? வாடிக்கையாளர் அனுப்பிய ஃபைலோடு அல்ல, நான் திருத்திய ஃபைலோடு. பரீட்சை எழுதுகிறவளே விடைத்தாளையும் திருத்துகிற மாதிரி. நடுவில் இருப்பது இன்ஜினியர் கையெழுத்து மட்டும். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். "மாமா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பாருங்க."

"பார்த்தியா உன் தங்கச்சிய? எனக்கே பாடம் எடுக்கறா."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடுடி" என்றாள் அக்கா. "அவர் இல்லேன்னா நீ இன்னும் யார் வீட்டுலயாவது பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்ப."

நான் எச்சரித்தேன். இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் இரண்டு ஃபைல்கள் வந்தன. ஒன்று பொம்மைக் காருக்கு. இன்னொன்று, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கு. அதில் ஒரு கோடு, சூடு அளவு மீறினால் ஹீட்டரை நிறுத்துவதற்கு. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். மற்ற எல்லாக் கோடுகளும் வழக்கம்போல அகலமாகும். அந்த ஒன்று மட்டும் பாதியாகும். பாதிக் கோடும் டெஸ்டிங்கில் தேறிவிடும். பிறகு சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு ஒருநாள் விரிசல் விடும்.

பொம்மைக் காரில் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். கார் ஓடாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். யார் கையெழுத்துப் போட்டது என்று யாரும் தேட மாட்டார்கள்.

மாமா ஃபைலைத் திறந்தார். டீயை ஒரு வாய் குடித்தார். கையெழுத்துப் போட்டார். இருநூற்று நாற்பது போர்டுகள் போயின.

ஏழு மாதம் கழித்து அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்தார்கள். நான் பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே மாடல். மாமா நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள இருக்கற போர்டு நான் பார்த்து அனுப்பினதும்மா."

அவர் போன பிறகு நர்ஸிடம் சொன்னேன். "சிஸ்டர், இதுல ஏதோ தீயற வாசனை வருது. குழந்தையை பக்கத்துல இருக்கற பழைய பெட்டிக்கு மாத்திடுங்களேன்."

நர்ஸ் குனிந்து முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். ஆனாலும் மாற்றினார். பெட்டியைப் பழுது பார்க்க அனுப்பவில்லை. படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான்.

சாயங்காலம் அதில் வேறொரு குழந்தையை வைத்தார்கள். அதன் அம்மா என்னிடம் கேட்டார். "ஏம்மா, இது நல்ல பெட்டிதானே?"

"புதுசுக்கா" என்றேன். அது பொய் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பெட்டி நிற்காமல் சூடாகிக்கொண்டே போனது. மற்ற ஊர்களில் நடந்ததை நீங்கள் சொல்லித்தான் தெரியும், ஆனால் அந்தப் போர்டுகளும் நான் செய்தவைதான். மாமாவை விட்டுவிடுங்கள். கோட்டைப் பாதியாக்கும் அளவுக்கு அவருக்கு அறிவு கிடையாது.

அக்கா குழந்தைக்கு இப்போது மூன்று கிலோ. என்னைப் பார்த்தால் சிரிக்கிறது. எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள், அந்த ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.