மஞ்சள் குடைக்குப் பின்னால் வந்த பத்தொன்பது பேர்

பெயர் கலினா ஸ்ரோகா. தந்தை பெயர் ஹென்ரிக். வயது 20. இருப்பிடம்: கிராக்கோவ் நகரம், ஸ்டாரோவிஷ்ல்னா தெரு, 'நீலக்கோழி' பயணியர் விடுதி, எட்டுப் பேர் அறை, ஜன்னலோர மேல் படுக்கை.

நான் மேற்படி விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவிக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பத்து மாதமாகத் தங்கியிருக்கிறேன். மரியா தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தரம் எக்காளம் ஊதும் தீயணைப்பு வீரர்களின் ரசிகை நான். தினமும் பன்னிரண்டு மணி வாசிப்பைப் பதிவு செய்து என் இணையப் பக்கத்தில் போடுகிறேன். இன்றோடு இருநூற்று எண்பத்தோரு நாள். இதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னேன், இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரி மறுத்துவிட்டார்.

இன்று காலை மழை பெய்ததால், பயணிகள் விட்டுப்போன பொருட்களுக்கான கூடையிலிருந்து ஒரு குடை எடுத்தேன். மூன்று நாள் யாரும் தேடி வராத பொருளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது எங்கள் விடுதிகளின் வழக்கம். குடை மஞ்சள் நிறம். அதன் பிறகு பதினொன்றே முக்காலுக்குத் தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், ஊதுபவரின் முகம் தெரியும் இடத்தில் நின்றேன். அப்போது ஒரு ஸ்பானியப் பெரியவர் வந்து, "இங்கதானே நிக்கணும்?" என்று கேட்டார். "இங்கதான் சார், இதவிட நல்ல இடம் ஊர்லயே இல்ல" என்றேன். அவர் பின்னாலேயே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எண்ணினேன், பத்தொன்பது பேர். எக்காளத்துக்கு இத்தனை ரசிகர்களா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இலவச நடைச்சுற்றுலாக்காரர்கள் ஆளுக்கொரு குடை நிறம் வைத்திருப்பதும், விடுதிப் பயணிகள் வழிகாட்டியின் முகத்தைப் பார்க்காமல் குடையைப் பார்த்தே போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அது என் தவறு.

அதன் பிறகு மணி அடித்தது. எக்காளம் நான்கு திசைக்கும் நான்கு முறை ஊதப்படும். நான் தேவாலயத்தைச் சுற்றி ஓடி நான்கையும் கேட்பது வழக்கம். ஓடினேன். பத்தொன்பது பேரும் மழையில் என் பின்னால் ஓடி வந்தார்கள். முழங்கால் வலி உள்ள ஒரு அம்மா, "கொஞ்சம் மெதுவாப் போ கண்ணு, கோபுரம் எங்கயும் ஓடிடாது" என்றார். "கோபுரம் ஓடாதும்மா, பாட்டு ஓடிடும்" என்றேன். கடைசி வாசிப்பு முடிந்து ஊதியவர் ஜன்னல் வழியாகக் கையாட்டினார். நாங்கள் இருபது பேரும் கையாட்டினோம். அதன் பிறகு சிலர், சுற்றுலா முடிவில் வழிகாட்டிக்குக் கொடுப்பதுபோல், என் குடைக்குள் காசு போட வந்தார்கள். அப்போது எதற்கென்று புரியாமல் வேண்டாம் என்றேன். எள் தூவிய வளைய ரொட்டி ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டேன். அதில் பாதியைப் புறா தின்றது.

அப்போது புகார்தாரரான சுற்றுலா வழிகாட்டி டோபியாஸ் வந்தார். மழைக்குப் பயந்து சதுக்கத்து நடுவிலுள்ள துணிச்சந்தைக் கட்டிட வளைவுக்குள் நின்று, தன் மஞ்சள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தவர் இவர். கோப்பை அப்போதும் கையில் இருந்தது. "ஏய், யாரு நீ? என் ஆளுங்கள எங்க ஓட்டிட்டுப் போற?" என்றார். "உன் ஆளுங்களா? நெத்தியில உன் பேரு ஒட்டியிருக்கா?" என்றேன். இதைக் கோபத்தில் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு அவர் பயணிகளைப் பார்த்து, "இந்தப் பொண்ணு சொல்றத நம்பாதீங்க. மேல ஆளே கிடையாது. எல்லாம் டேப்பு, ஸ்பீக்கர்ல போடறான்" என்றார். "ஸ்பீக்கர் கையாட்டுமா?" என்று கேட்டேன். "அது டூரிஸ்டுக்கு வெச்ச பொம்மை" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். இருநூறு படிகளுக்கு மேல் ஏறி, பனியிலும் ஜன்னலைத் திறந்து ஊதுகிற மனிதரைப் பொம்மை என்றார். நான் அவரைத் தள்ளவில்லை. குடையை வேகமாக மடக்கியதில் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது.

அதன் பிறகு அவர் ரோந்துக் காவலரை அழைத்து, நான் ஆள்மாறாட்டம் செய்ததாகப் புகார் கொடுத்தார். நிலையத்தில் வைத்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதில், 'அவருடைய பயணிகளை அழைத்துச் சென்றதற்கும், எக்காளம் பற்றிப் பொய்த் தகவல் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று இருந்தது. விடுதி உரிமையாளர் போகுமிவா அம்மா போனில், "அஞ்சு மணிக்குள்ள முடிச்சிட்டு வாடி. கேஸ் உள்ள பொண்ணு கையில எட்டு ரூம் சாவிய எப்படிக் குடுப்பேன்? படுக்கைய வேற ஆளுக்குப் போட்ருவேன்" என்றார். எனக்கு இந்த ஊரில் வேறு படுக்கை இல்லை.

முதல் பாதிக்கு மன்னிப்புக் கேட்கத் தயார். குடையையும் கொடுத்துவிடுகிறேன். இரண்டாம் பாதியை அடித்துவிட்டுத் தரச் சொன்னேன். "முழுசாப் போடு, இல்ல விடு" என்றார் புகார்தாரர்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி மூன்று ஆனது. நிலையத்து ஜன்னல் திறந்திருந்தது. எக்காளம் ஒலித்தது. இரண்டாம் வரியில் ஒரு சுரம் பிசிறி உடைந்து, ஊதியவர் மூச்சு வாங்கி மறுபடி பிடித்தார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தி, "பாவம், மனுஷனுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றார். எதிர் பெஞ்சில் இருந்த புகார்தாரர் தலையைக் குனிந்துகொண்டார். டேப்புக்குச் சளி பிடிக்காது என்பதையும், இதை நிலையத்தில் நான்கு பேர் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்யக் கோருகிறேன். பதிவு செய்யப்பட்டது.

மன்னிப்புத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இந்தத் தாளில் மட்டுமே. படித்துக் காட்டக் கேட்டேன். குடை, ரொட்டி, தண்ணீர் அடித்தது, மேலே ஒரு ஆள் இருப்பது உட்பட அனைத்தும் நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கலினா ஸ்ரோகா
பிற்பகல் 3.10