எட்டாவது வெர்ஷன்

— இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லு சகலை. இந்தத் தடவை கெர்னல், பிளாக்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. நான்தான் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா. மூணு மணிக்கு விசாரணையில நமக்கு எதிர்ல உக்காரப் போறாங்க. அவங்களுக்குப் புரியணும்.

— புரிஞ்சு என்னண்ணே ஆகப் போகுது? போன ஸ்கேன் படம் திரும்பி வரவா போகுது?

— வராது. இருந்தாலும் சொல்லு. இன்னும் நாப்பது நிமிஷம் இந்த ரூம்ல வேற என்ன பண்றது? ஏசி சொட்டுறதை எண்ணிக்கிட்டு இருக்கவா?

— சரி. வந்து... மேடம், இந்த டிஸ்க் பழைய டிஸ்க் மாதிரி கிடையாது. உள்ள பாத்தி பாத்தியாப் பிரிச்சிருக்கும். ஒரு பாத்தியில எழுதணும்னா மேல இருந்து கீழ வரிசையாத்தான் எழுதணும். நடுவுல போய் ஒண்ணை மட்டும் மாத்த முடியாது. அழிச்சா மொத்தப் பாத்தியையும் அழிக்கணும்.

— "அப்படிப்பட்ட சனியனை எதுக்குய்யா எங்க தலையில கட்டினீங்க?"

— அண்ணே!

— அவங்க கேப்பாங்க சகலை. இதைவிட மோசமாக் கேப்பாங்க. பதில் சொல்லு.

— அதே அளவு பெட்டியில நிறையக் கொள்ளும் மேடம். ஆனா நீங்க வரிசையாவா எழுதுவீங்க? கண்டபடி எழுதுவீங்க. அதுக்குத்தான் நடுவுல எங்க புரோகிராம் உக்காந்திருக்கு. வர்றதையெல்லாம் முதல்ல ஓரமா ஒரு இடத்துல வாங்கிப் போட்டுக்கும். அப்புறம் சாவகாசமா வேற பாத்திக்கு வரிசையாக் காப்பி பண்ணும். எது எங்க இருக்குன்னு ஒரு மேப் வச்சிருக்கும். காப்பி முடிஞ்சதும் பழைய இடத்தைத் துடைச்சுடும்.

— இங்க நிறுத்து. எப்பத் துடைக்கணும்?

— புது மேப் டிஸ்க்ல பத்திரமா ஏறின பின்னாடி.

— நீ எழுதினது எப்பத் துடைக்குது? அறுநூத்திப் பன்னண்டாவது வரி. ஸ்கிரீன்ல இருக்கு பாரு.

— நாலு நாளா அதைத்தான் பாக்குறேன். சத்தியமா சாப்பாடு இறங்கலை. கண்ணை மூடினா அதுதான் வந்து நிக்குது.

— வாய்விட்டுச் சொல்லு.

— முதல்ல பழசைத் துடை. அடுத்த வரி, புது மேப்பை எழுது.

— தலைகீழ்.

— தலைகீழ்தான். துடைச்ச இடம் சீக்கிரம் கைக்கு வரும்னு மாத்திப் போட்டேன். பன்னண்டு சதவீதம் வேகம் கூடிச்சு. மீட்டிங்ல எல்லாரும் கைதட்டினாங்க. நீங்களும்தான் தட்டினீங்க.

— தட்டினேன். இல்லேங்கலை.

— ரெண்டு வரிக்கும் நடுவுல அரை செகண்ட் இருக்காதுண்ணே. அந்த அரை செகண்ட்லயா கரண்ட் போய்த் தொலையணும்? அவங்க ஜெனரேட்டர் உடனே எடுத்திருந்தா...

— அய்யா சாமி, அதை மட்டும் அங்க சொல்லிடாதே. கரண்ட் போனா என்ன ஆகும்னு யோசிக்கத்தான் உன்னையும் என்னையும் வேலைக்கு வச்சிருக்கான். ஜெனரேட்டர்காரன் மேல பழி போட்டா அந்தம்மா செருப்பைக் கழட்டினாலும் நான் தடுக்க மாட்டேன்.

— பேக்கப்பாவது தப்பிச்சிருக்கலாம்.

— பேக்கப்பும் நம்ம பெட்டிதான். அதே கட்டடம், அதே கரண்ட், அதே அறுநூத்திப் பன்னண்டாவது வரி. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே பாத்தியைத் துடைச்சிருக்கு. மேப்பைக் கேட்டா, படமெல்லாம் பழைய இடத்துலதான் இருக்குங்குது. பழைய இடத்தைப் போய்ப் பாத்தா வழிச்சுத் துடைச்சு வச்சிருக்கு. புதுக் காப்பி மேப்ல ஏறலைங்கிறதால, கரண்ட் வந்ததும் அதையும் காலி இடம்னு துடைச்சிருக்கு.

— அழியலைண்ணே! அதுதான் என்னைக் கொல்லுது. தகட்டுல எழுதினது எழுதினபடியே கிடக்கு. துடைச்சுட்டேன்னு டிஸ்க் அதுவா முடிவு பண்ணிக்கிட்டு, எப்படிக் கேட்டாலும் பூஜ்யம், பூஜ்யம்னே பதில் சொல்லுது. டிஸ்க் கம்பெனிக்கு மூணு தடவை எழுதினேன். ரெண்டே வரியில முடியாதுன்னுட்டாங்க. அவனுகளுக்கே உள்ள போக வழி இல்லையாம்.

— தெரியும். நானும் எழுதிப் பாத்தேன். அதே ரெண்டு வரிதான் வந்துச்சு.

— அப்ப ஒண்ணுமே இல்லையா?

— ஒண்ணும் இல்லை. அந்த டாக்டரம்மா கமிட்டிக்கு எழுதின லெட்டரைப் படிச்சியா?

— பாதி படிச்சேன். முடியலை.

— மீதியைக் கேளு. "போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி வளர்கிறதா, சுருங்குகிறதா என்று சொல்ல முடியும். இன்றைய தேதியில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்குக் குத்துமதிப்பாகத்தான் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பதினேழு பேர் குழந்தைகள். பெற்றோரிடம் நான் என்ன சொல்லட்டும் என்பதை மட்டும் உங்கள் நிறுவனம் எழுதிக் கொடுத்தால் போதும்."

— அண்ணே, வேணாம், நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். அவ்வளவுதான் லெட்டரும்.

— உள்ள யார் யாரு இருப்பாங்க?

— அந்தம்மா, வக்கீல் ரெண்டு பேர், நம்ம கம்பெனிப் பெரியவர். பெரியவர் காலையில லிஃப்ட்ல என்ன சொன்னார் தெரியுமா? "எழுதினவன் ஒருத்தன், பாத்து ஓகே போட்டவன் ஒருத்தன், ரெண்டு பேரும் சகலை. இதுக்கு மேல எனக்கு விளக்கம் வேணுமா?"ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார் மனுஷன். ஏழு மாடியும் எனக்குக் கூசிப் போச்சு.

— வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?

— உன் வீட்டுக்காரி காலையில ஆறு மணிக்கு அவங்க அக்காவுக்குப் போன் போட்டா. ஆறேகாலுக்கு என் வீட்டுல அழுகை. நான் பல்லுகூட விளக்கலை. அக்கா தங்கச்சிக்கு நடுவுல மாட்டினவனுக்கு ரகசியம்னு ஒண்ணு ஏது?

— அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியலைண்ணே. அதான்... இதைப் பாருங்க. ராஜினாமா. காலையிலேயே எழுதிட்டேன். உள்ள போனதும் குடுத்துடுறேன். நான் எழுதின புரோகிராம், நான் போறேன். உங்களுக்கு இதுல சம்பந்தமே இல்லை. நீங்களாவது வேலையில இருங்க. ரெண்டு வீட்டுல ஒரு வீடாவது ஒழுங்கா நடக்கட்டும்.

— அதை மடிச்சுப் பையில வை.

— இல்லண்ணே, நான் முடிவு பண்ணிட்டேன்.

— வைன்னு சொல்றேன்ல! அதைக் குடுக்க வேண்டியவன் நீ இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் வா. இது என் ரிவ்யூ பேஜ். எனக்கு மட்டும்தான் தெரியும், உன் ஸ்கிரீன்ல வராது. கமிட்டிக்குக் குடுக்கலாம்னு நேத்து சாயங்காலம் பழசையெல்லாம் தேடி எடுத்தேன். உன்னோட ஏழாவது வெர்ஷன். மஞ்சளா இருக்கு பாரு, அதைப் படி.

— இதுவாண்ணே?

— படி சகலை.

— "அறுநூத்திப் பன்னண்டு. வரிசை தலைகீழ். இந்த இடத்தில் கரண்ட் போனால் டேட்டா போகும், மீட்க முடியாது. இதைத் திருத்தாமல் ஏற்க மாட்டேன்."

— அதுக்குக் கீழ?

— "டிராஃப்ட். அனுப்பப்படவில்லை."

— நான் பாத்துட்டேன்யா. ஏழு மாசத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஒழுங்கா, தெளிவா எழுதியும் வச்சிருக்கேன். அனுப்புற பட்டனை அழுத்தலை.

— எப்படிண்ணே?

— அன்னிக்கு ரெண்டு குடும்பமும் மாமா வீட்டுல இருந்தோமே, ஞாபகம் இருக்கா? சாப்பாட்டு மேஜையில உக்காந்து உன்னோடதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசி வார்த்தையை அடிக்கிறேன், பாத்ரூம்ல மாமா விழுந்த சத்தம். அப்படியே போட்டுட்டு ஓடினேன். இடுப்பெலும்பு. ஆபரேஷன், ரத்தம், அந்த ஃபார்ம், இந்த ஃபார்ம், மூணு நாள் அங்கேயே கிடந்தேன். அனுப்பிட்டேன்னே நினைச்சேன். சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தா பண்ணியிருப்பேன்.

— அப்புறம் ஓகே போட்டீங்களே?

— மறுநாள் காலையில, மாமாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க, நான் வராண்டாவுல நிக்கிறேன். போனைப் பாத்தா உன் எட்டாவது வெர்ஷன் வந்திருக்கு. மேல ஒரு வரி எழுதியிருந்த. "எல்லாக் கருத்துகளும் சரிசெய்யப்பட்டன." பெரியவர் வேற, இன்னிக்குத்தான் கடைசி, விட்டா அடுத்த ரிலீஸ்தான்னு விரட்டுறார். உன் வேலையை நிரந்தரம் பண்றதும் அந்த வாரம்தான். சரி, நம்மாளு திருத்திட்டான்னு, திறந்துகூடப் பாக்காம கட்டைவிரலால ஓகே போட்டேன்.

— அண்ணே...

— நேத்துதான் அந்த எட்டைத் திறந்து பாக்குறேன். ரெண்டு ஸ்பெல்லிங் திருத்தியிருக்க, அவ்வளவுதான். நீ என்ன பண்ணுவ? உனக்கு வந்து சேந்த கருத்து அது ரெண்டுதானே! நீ எழுதின வரி பொய் இல்லை. நான்தான் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்.

— இதை உள்ள சொல்லப் போறீங்களா?

— சொல்லாம? ஸ்கிரீனோட காட்டப் போறேன். நீ தெரியாம விட்ட. எழுதுறவன் தப்பு விடுவான், அதுக்குத்தான் ரிவ்யூன்னு ஒண்ணு வச்சிருக்கு. நான் தெரிஞ்சு விட்டேன். ரெண்டும் எப்படிய்யா ஒண்ணாகும்? அந்தப் பதினேழு பிள்ளைங்க கணக்கு என் தலையிலதான். உன் கையில அந்தக் கருத்து கிடைச்சிருந்தா நீ திருத்தாம அனுப்பியிருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?

— வேணாம்ணே. காட்டாதீங்க. அந்த டிராஃப்டை அழிச்சுடுங்க.

— அழிக்கவா? அழிச்சு அழிச்சுத்தான் இந்த ரூம்ல வந்து உக்காந்திருக்கோம். எழுந்திரு, மணி ஆச்சு. முகத்தைக் கழுவிட்டு வா, பேயறைஞ்ச மாதிரி இருக்க.

— அண்ணே, உக்காருங்க. ஒரு நிமிஷம் உக்காருங்க.

— என்னடா?

— அன்னிக்கு நீங்க மாமாவைக் கார்ல ஏத்திட்டுப் போனப்ப, லேப்டாப் மேஜையில திறந்தபடியே இருந்துச்சு.

— ஆமா. நான் திரும்பி வந்தப்ப மூடியிருந்துச்சு. பசங்க யாராவது மூடியிருப்பாங்க.

— பசங்க இல்லண்ணே. நான்தான் மூடினேன். முழுசாப் படிச்சுட்டுத்தான் மூடினேன்.